நாலு விநாடிக் கட்டைவிரல்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் மேசைமேல் விரித்து வைத்த காகிதத்தில் இரண்டே வரிகள்தான் முக்கியம். முதலாவது நீளமானது. ஒரு மனுஷன் மேலேயிருந்து விழாமல் இருப்பதற்காக எழுதப்பட்டது. இரண்டாவதில் எழுத்தே கிடையாது, ஒரு கட்டைவிரல் படம் மட்டும் இருந்தது. அரைமணி நேரம் கழித்து அந்த மனுஷன் விழுந்துவிட்டான்.

“இந்தக் கட்டைவிரல் எங்க அப்பாவோடது இல்ல சார். வேற யாரோ அவர் போன்ல அமுக்கியிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க,” என்றாள் அவள்.

லைன்மேன் சுவரைப் பார்த்தார். மணி பதினொன்றரை. இருபத்தாறு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு அவருக்கு. ஊர் முழுக்கப் போன் கைக்குள் வந்து கம்பிகளுக்கு வேலை போனபோது இவருக்கும் போயிற்று. கம்பத்துமேல் உட்கார்ந்து நாலு தெருவின் நடமாட்டத்தையும் பார்த்துப் பழகிய கண்ணை வீணாக்குவானேன் என்று துப்பறிய வந்துவிட்டார். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். உதவிக்கு மனைவியின் தங்கை. ஒரு காலத்தில் எட்டு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தியவள் என்பதால் தொழிலாளிகள் எல்லாரும் அவளை இன்னும் ‘சென்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுடைய வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் எந்தக் கம்பெனியும் பூட்டு செய்யவில்லை என்பது லைன்மேனின் அபிப்பிராயம்.

“விரல் முழுசா விழுந்திருக்கே மாமா. ரேகை எடுக்கிறவரைக் கூப்பிட்டுடலாமா?” என்றாள் அவள், காகிதத்தை எட்டிப் பார்த்து.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. விஷயத்தை அவள் சொன்ன வரிசையில் சொன்னால் இவ்வளவுதான். அவளுடைய அப்பா கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் பெரிய மேஸ்திரி. பைப்பும் கிளாம்பும் பலகையுமாக உயர்த்திய சாரத்தைச் சுற்றிப் பார்த்து, நம்பலாம் என்றால் பச்சை அட்டையும் நம்பக்கூடாது என்றால் சிவப்பு அட்டையும் மாட்டுவது அவர் பொறுப்பு. போன செவ்வாய்க்கிழமை, சாரத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பிடிகளில் இரண்டைப் பூச்சுக்காரர்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அதை அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் கிரேன் ஓட்டுகிறவர் உயரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வேலையாட்கள் அறுபத்திரண்டு பேர் இருக்கும் போன் குழுவில் எழுதினார். மேற்குப் பக்கம் மூன்றாவது தட்டில் பிடி இல்லை, மேஸ்திரி வந்து பார்த்துச் சிவப்பு அட்டை மாட்டும்வரை பெயிண்டர்கள் யாரும் ஏறவேண்டாம், சாரம் சுவரை விட்டுச் சாய்ந்து நிற்கிறது என்று விலாவாரியாக. மேஸ்திரியின் போனிலிருந்து உடனே கட்டைவிரல் வந்தது. சாரத்தில் பச்சை அட்டை அப்படியே தொங்கியது. எட்டே முக்காலுக்கு ஒரு பெயிண்டர் ஏறினான். இப்போது இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

தெரிந்திருந்தும் ஏற விட்டார் என்று விசாரணையில் முடிவானால் மேஸ்திரிக்கு வேலை போகும், போலீஸ் கேஸும் வரும். முப்பது வருஷப் பெயர் மண்ணோடு போகும்.

“அப்பா என்னம்மா சொல்றார்?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். அமுக்கினேன்னும் சொல்லலை, அமுக்கலைன்னும் சொல்லலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கார்.” அவள் குரல் இறங்கியது. “அவர் போன் காலையில ஸ்டோர் ரூம்லதான் சார்ஜ்ல கிடக்கும். ஸ்டோர் கீப்பருக்கும் அப்பாவுக்கும் ஆகாது. எனக்கு அவர்மேலதான் சந்தேகம்.”

“ஸ்டோர் கீப்பர்தான். எனக்கும் அப்படித்தான் தோணுது. நேரா அங்கே போவோம் மாமா,” என்றாள் மைத்துனி.

எந்த வழக்கிலும் நாலு பேரைச் சந்தேகப்பட்டு நாலு பேரையும் கிண்டல் செய்த பிறகே ஒரு முடிவுக்கு வருகிறவள் இன்றைக்கு இவ்வளவு அவசரப்பட்டதை லைன்மேன் கவனித்தார். கவனித்ததோடு சரி, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது அவள் மேஸ்திரியைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால், யாரோ ஒரு புண்ணியவான் சாரம் கட்டுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பலகை ஆரம்பித்தானாம். கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, படம் கிடையாது. சந்தேகத்தை எழுதிப் போட்டால் எங்கோ கடல் தாண்டி இன்னொரு சாரக்காரன் பதில் எழுதுவான். யாருக்கும் முகம் கிடையாது, பட்டப்பெயர்தான். மேஸ்திரிக்கு அங்கே ‘ஏணி’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்டர் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

“‘ஏணி பதில் போட்டாச்சா, ஏணி பதில் போட்டாச்சா’ன்னு நாலு நாட்டுலேர்ந்து கேப்பாங்க மாமா. வளைஞ்ச சுவருக்கு எப்படிக் கட்டணும், சேத்துல எப்படிக் கால் ஊணணும்னு அவர் பதில் வராம எவனும் பைப்பைத் தொடமாட்டான். பதில் வர ஒரு வாரம் ஆகும். ஆனா வந்துச்சுன்னா அது பதில்.”

பிறகு முகம் காட்டும் தளம் வந்தது, பலகை காலியாயிற்று. மேஸ்திரி சாரத்துமேல் நிற்கிற படத்தை எவனோ போட்டானாம். சாரத்துக்கும் சாரலுக்கும் வித்தியாசம் தெரியாத நானூறு பேர் அதை விரும்பினார்களாம். சந்தேகம் கேட்க ஆள் இல்லை. அப்புறம் அதுவும் போய் எல்லாரும் போன் குழுவுக்குள் புகுந்தார்கள். விடிந்தால் பூங்கொத்துப் படம், பொழுது போனால் பூங்கொத்துப் படம். “என் சென்டரோட எட்டு மெஷினையும் பழைய இரும்புக்காரன் எடைக்குத்தான் எடுத்தான். தராசுல ஏத்தும்போது என்னையும் ஒருமாதிரி பார்த்தான்,” என்று முடித்தாள். அந்த சென்டருக்கு முதல் கம்பி இழுத்துக் கொடுத்தது லைன்மேன்தான். உலகத்தையே இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவன் நான் என்று அந்த நாளில் பெருமை அடித்துக்கொண்டது ஞாபகம் வந்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டோர் ரூமில் கிளாம்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எண்ணெயும் துருவும் கலந்த வாசனை. ஸ்டோர் கீப்பர் ஒல்லியான மனுஷர். மேஸ்திரி பெயரைக் கேட்டதும் முகம் கோணியது. சண்டை இருப்பது உண்மைதான், கிளாம்பைத் துடைக்காமல் திருப்பித் தருகிறார் என்று பத்து வருஷமாகச் சண்டை என்றார். ஆனால் போன் விஷயம் வேறு. சார்ஜ் போடும் பலகை சனிக்கிழமையே கருகிவிட்டதாம், புதிது புதன்கிழமைதான் வந்ததாம். கருகிய பலகையை மூலையிலிருந்து எடுத்தும் காட்டினார். செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு போனும் கிடக்கவில்லை.

“அப்ப மேஸ்திரி போன் எங்கே இருந்துச்சு?”

“அவர் சட்டைப் பையில. எட்டு பத்துக்கு இந்த இடத்துலதான் நின்னார்.” ஸ்டோர் கீப்பர் சுண்ணாம்பு படிந்த ஒரு இடத்தைக் காட்டினார். “எத்தனை கிளாம்பு வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தார். போன் அதிர்ந்துச்சு. எடுத்தார், அமுக்கினார், பையில போட்டார். பேச்சுகூட நிக்கலை.”

லைன்மேனுக்குக் காலடியில் பலகை ஒன்று நழுவினாற்போல் இருந்தது. கட்சிக்காரியைக் காப்பாற்ற வந்த இடத்தில் அவளுடைய அப்பனுக்கு எதிராகக் கண்ணால் கண்ட சாட்சியே கிடைத்துவிட்டது.

“இதை விசாரணையில சொல்லிட்டீங்களா?”

ஸ்டோர் கீப்பர் ஒரு கிளாம்பை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார். “சொல்லலை. சொன்னா, அப்ப உன் போன்லயும் அந்த மெசேஜ் வந்திருக்குமேன்னு கேப்பாங்க. வந்துச்சு. நானும் படிச்சேன். மேஸ்திரிதான் கட்டைவிரல் போட்டுட்டாரே, இனி அவர் பார்த்துக்குவார்னு போனை மூடி வெச்சுட்டேன். என்னை மாதிரி அறுபது பேர். பெயிண்டர் ஏறும்போது இதே வாசல்ல நின்னுதான் டீ குடிச்சுட்டு இருந்தேன்.”

வெளியே வந்ததும் லைன்மேன் மணல்மேட்டில் உட்கார்ந்து காகிதத்தை மறுபடி விரித்தார். கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர் அச்சடித்துக் கொடுத்தது, நேரம் விநாடி சுத்தமாக இருந்தது. கிரேன்காரரின் எழுத்து எட்டு பத்து, பதினோராம் விநாடி. கட்டைவிரல் எட்டு பத்து, பதினைந்தாம் விநாடி.

“இந்த மெசேஜை மனசுக்குள்ள படி,” என்று மைத்துனியிடம் நீட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வேகமாகப் படிக்கிறவள். அவளுக்கே இருபத்திரண்டு விநாடி ஆயிற்று.

“நாலு விநாடியில பையிலேர்ந்து எடுத்து, படிச்சு, அமுக்கி முடிச்சிருக்கார்,” என்றார் லைன்மேன்.

இந்த இடத்தில் மைத்துனியிடமிருந்து ஒரு கிண்டல் வந்திருக்க வேண்டும். அவர் அதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார். வரவில்லை. அவள் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கிரேன் ஓட்டுகிறவர் சாப்பாட்டுக்கு இறங்கி வந்திருந்தார். உயரத்திலேயே இருந்து பழகியதால் தரையில் நடக்கும்போதும் எட்டி எட்டிக் கால் வைத்தார். லைன்மேன் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். அவ்வளவு அவசரமான விஷயத்தை ஏன் எழுதிக்கொண்டிருந்தீர்கள், மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?

கிரேன்காரர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். மேஸ்திரியோடு பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷம் என்றார்.

“எங்கம்மா செத்த அன்னிக்கு குழுவுல எழுதினேன். காலையில அம்மா போயிட்டாங்க, வேலைக்கு வரலைன்னு. எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க. இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறார். எங்கம்மா கையால அவர் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார் தெரியுமா? அன்னிலேர்ந்து அவர் முகத்துல முழிக்கறதில்லைன்னு விட்டுட்டேன்.” டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். “செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருந்தா அந்தப் பையன் எழுந்து நடந்துக்கிட்டிருப்பான். கூப்பிடக் கூடாதுன்னு என் ரோஷம். அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?”

லைன்மேன் அவர் போனை வாங்கிக்கொண்டார். குழுவில் இரண்டு வருஷத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். மேஸ்திரி போட்டதை மட்டும் பார்த்தார். விடுமுறை ரத்து என்ற அறிவிப்புக்குக் கட்டைவிரல். ‘ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது’ என்று ஒருவன் எழுதிக் கேட்டதற்குக் கட்டைவிரல். எவனோ இவரையே மறைமுகமாகத் திட்டி எழுதியதற்கும் கட்டைவிரல்.

ஆனால் யாராவது குரலில் பேசி அனுப்பியிருந்தால் மேஸ்திரியும் குரலில் பதில் பேசியிருந்தார். நிதானமாக, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். ஒருவன் ஒரு சாரத்தின் படத்தை மட்டும் போட்டிருந்தான். இடது கால் பலகைக்கு வெளியே ஊன்றியிருக்கிறது, உடனே இறங்கு என்று அரை நிமிஷத்தில் மேஸ்திரியின் குரல் வந்திருந்தது. குரலுக்குக் குரல், படத்துக்குக் குரல். எழுத்துக்கு மட்டும் கட்டைவிரல்.

லைன்மேன் போனைத் திருப்பிக் கொடுத்தார். மைத்துனி தூரத்தில் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். அவள் முகம் கழுவி முடிய ரொம்ப நேரம் ஆயிற்று.

மேஸ்திரியின் வீடு இரண்டு அறைதான். மகள் கதவைத் திறந்தாள். ஸ்டோர் கீப்பர் மாட்டிக்கொண்டாரா என்று அவள் கண் கேட்டது. லைன்மேன் பிடி கொடுக்கவில்லை. உள்ளே நாற்காலியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், கைகள் ஒவ்வொன்றும் பலகை மாதிரி. மைத்துனியைப் பார்த்ததும் “வா தங்கச்சி” என்றார். அவள் வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

வரும் வழியில், கடை ஒன்றின் மேசையில் வைத்து லைன்மேன் ஒரு தாள் எழுதியிருந்தார். என்ன எழுதினார் என்று மைத்துனியிடம் காட்டவில்லை. அதை இப்போது மேஸ்திரியிடம் நீட்டினார்.

“விசாரணைக்கு உங்க தரப்பு எழுதியிருக்கேன். அன்னிக்கு போன் உங்க கையில இல்லைன்னு. நிதானமாப் படிச்சுப் பாருங்க. சரியா இருந்தா ஒரு கையெழுத்து.”

மேஸ்திரி தாளை வாங்கினார். கண்களைச் சுருக்கிக்கொண்டார். அவருடைய பார்வை இடமிருந்து வலமாக ஒரு வரி போயிற்று, இறங்கிற்று, அடுத்த வரி போயிற்று. நடுவில் ஒருமுறை புருவத்தைத் தூக்கினார். கடைசி வரியில் கொஞ்சம் நின்றார். எவ்வளவு நேரம் ஆகவேண்டுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. தாளைத் தலைகீழாகப் பிடிக்கிற தப்பையெல்லாம் அவர் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே தாண்டிவிட்டார். “சரியா எழுதியிருக்கீங்க,” என்று தலையாட்டி, பேனாவை வாங்கி, நிமிர்ந்து நிற்கிற எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

மகள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா. இதுல என்ன எழுதியிருக்கு?”

“அதான். போன் என்கிட்ட இல்லைன்னு.”

“‘மேற்குப் பக்கப் பிடிகளை நானேதான் கழற்றினேன். பெயிண்டர் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்’னு எழுதியிருக்குப்பா.”

மேஸ்திரி பேனாவை மூடியில் செருகப் பார்த்தார். அந்தப் பெரிய விரல்களுக்கு மூடி அகப்படவில்லை. மகளைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போதாவது அது தனக்கு ஏதாவது சொல்லும் என்பதுபோல.

வழக்கு உடைந்துவிட்டது. இப்படி ஒரு முடிச்சை இவ்வளவு சின்னக் காகிதத்தால் அவிழ்த்தது லைன்மேனின் தொழிலில் இதுவே முதல் தடவை. மற்ற நாளாக இருந்தால் மீசையை ஒருமுறை தடவியிருப்பார். இன்றைக்கு, நடுத்தெருவில் ஒரு மனுஷனின் துணியை உருவிவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அதுவும் பெற்ற மகள் முன்னால். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சாமர்த்தியம் காட்டுகிற ஆசையில் அது தோன்றாமல் போயிற்று.

“மன்னிச்சிடுங்க,” என்றார்.

“உங்க வேலையைத்தானே செஞ்சீங்க,” என்றார் மேஸ்திரி. அதற்குப் பதில் அவர் அடித்திருக்கலாம்.

மைத்துனி உள்ளே வந்தாள். தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்துக் கையிலேயே கசக்கி வைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும் மாமா. காலையில அந்தக் காகிதத்தைப் பார்த்தப்பவே தெரியும். அதான் உங்களை ஸ்டோர் பக்கம் தள்ளிவிட்டேன். ஏணின்னு ஒரு பதில்கூட அவர் எழுதினதில்லை. ‘கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டேன் தங்கச்சி, நீயே படிச்சுடு’ம்பார். அவர் மட்டுமில்லை, அங்கே வந்தவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணாடி வீட்டுலதான் இருந்துச்சு. நான் படிப்பேன், அவர் சொல்லுவார், நான் தட்டுவேன். அந்தப் பலகையில அவங்கல்லாம் இருந்தது என் வாய் வழியா.”

அவள் மேஸ்திரியைப் பார்க்காமலே பேசினாள்.

“சென்டரை மூடுற அன்னிக்கு புதுப் போனோட வந்தார். இனி யார் தங்கச்சி படிச்சுக் காட்டுவான்னு கேட்டார். உட்கார வெச்சு நாலு எழுத்து சொல்லிக் குடுத்திருக்கலாம். எனக்கு அன்னிக்கு மெஷினை ஏத்தற அவசரம். எதுவும் படிக்க வேணாம்ணே, என்ன வந்தாலும் இந்தக் கட்டைவிரலை அமுக்கிடுங்க, படிச்ச மாதிரியே இருக்கும்னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். பெரிய தந்திரம் சொல்லிக் குடுத்துட்டேன்னு வீட்டுல வந்துவேற பீத்திக்கிட்டேன்.”

பீற்றிக்கொண்டது லைன்மேனுக்கு ஞாபகம் இருந்தது. யாருடைய கதை என்று பெயர் சொல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள். அவரும் புரையேறச் சிரித்தார்.

மணி நாலு. இனி செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது, அதைச் செய்யச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. படிக்கத் தெரியாது என்று விசாரணையில் சொன்னால் கேஸ் நிற்காது. ஆனால் அட்டை மாட்டும் பொறுப்பு அன்றைக்கே போகும். பொழுது சாய்வதற்குள் அறுபத்திரண்டு போனிலும் அந்தச் செய்தி ஓடும். சொல்லாமல் விட்டால், வேண்டுமென்றே ஒருவனை விழ விட்டவன் என்ற பெயர் நிற்கும். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு வாரமாக மேஸ்திரி இரண்டாவதையே தேர்ந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“கெட்டவன்னு சொன்னா தாங்கிக்குவேன்,” என்றார் அவர். “கைநாட்டுன்னு சொன்னா எப்படித் தாங்கறது? இவ மருந்துச் சீட்டெல்லாம் படிக்கறவ.”

மகள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்றாள்.

மேஸ்திரி எழுந்தார். “அந்த மெசேஜை நான் தெரிஞ்சு விடலை. ஆனா எனக்குத் தெரியாதுன்னு சொல்லாம இருந்தேனே, அது தெரிஞ்சுதான். அந்தப் பையன் அதுலதான் விழுந்தான்.” சட்டையை மாட்டிக்கொண்டார். “தங்கச்சி, நீயும் வா. அவங்க ஏதாவது காகிதம் நீட்டுவாங்க.”

விசாரணை நடந்தது கட்டட ஆபீஸின் கண்ணாடிக் கதவு போட்ட அறையில். மேஸ்திரியும் மைத்துனியும் உள்ளே போனார்கள். லைன்மேனும் மகளும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கதவு வழியாகச் சத்தம் வரவில்லை. எஞ்சினியர் பேனாவைக் கீழே வைப்பதும், தொழிற்சங்கக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொள்வதும் தெரிந்தது. மேஸ்திரி நின்றபடியே பேசினார்.

லைன்மேன் ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்துத் திரும்பினார். மகள் தன் போனை வெறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போன மெசேஜ்கள். இந்தப் பக்கம் பத்தி பத்தியாக எழுத்து, அந்தப் பக்கம் கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல்.

“மாத்திரை எந்த வேளைக்கு எதுன்னு தினமும் எழுதி அனுப்புவேன் சார். பாசமா ரெண்டு வார்த்தை எழுத மாட்டாரான்னு கோபமா வரும்.” விரலை ஓர் இடத்தில் நிறுத்தினாள். “இது மூணு வாரம் முன்னாடி. ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அவருக்கு முதல் மனைவி இறந்துட்டாங்க, ஒரு குழந்தை இருக்கு. நேர்ல சொல்லத் தைரியம் வரலை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். உங்களுக்குச் சம்மதமாப்பான்னு கேட்டேன்.”

பதில் என்ன என்று லைன்மேன் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. பதில்தான் வந்துடுச்சேன்னு அப்புறம் பேச்சே எடுக்கலை. அவரும் எடுக்கலை. எவ்வளவு பெரிய மனசுன்னு அவங்க வீட்டுல எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வராங்க.”

கண்ணாடிக் கதவு திறந்தது. மைத்துனிதான் முதலில் வந்து முடிவைச் சொன்னாள். கேஸ் இல்லை. பச்சை அட்டை, சிவப்பு அட்டை இரண்டும் வேறு ஆள் கைக்குப் போகிறது. திங்கட்கிழமையிலிருந்து மேஸ்திரி தரையில் நின்று பைப் எடுத்துக் கொடுக்கிற ஆள். அவர் சொன்னதை எழுதி எடுத்து, கையெழுத்துக்கு நீட்டினார்களாம். முதலில் படித்துக் காட்டச் சொன்னாராம். ‘கவனக்குறைவால்’ என்று எழுதியிருந்ததை மாற்றி ‘வெட்கத்தால்’ என்று போடச் சொல்லி, அப்படிப் போட்ட பிறகே கையெழுத்துப் போட்டாராம். சொல்லிவிட்டு அவள் லைன்மேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழித்த தாள் இன்னும் அவள் கையில் இருந்தது.

மேஸ்திரி வெளியே வந்தார். வாசலில் கூடியிருந்த ஆட்கள் பாதை விட்டார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தங்கள் போனையும் பார்க்கவில்லை. கிரேன்காரர் ஓரமாக நின்றார். மேஸ்திரி அவர் முன்னால் நின்று, “அம்மா போனது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும்,” என்றார். “அதுக்கப்புறம் எந்த முகத்தோட வருவேன்?” கிரேன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே தரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அந்தப் பையனிடம் நேரில் சொல்லவேண்டும் என்றார் மேஸ்திரி. மகள் எழுந்தாள்.

“நானும் வரேன்பா. வழியில உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். முன்னாடியே உங்களுக்கு எழுதி அனுப்பினதுதான்.”

மேஸ்திரி நின்றார். மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“நான் என்ன சொன்னேன்?”

“சரின்னு சொன்னீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

“அது நான் சொன்னதில்லம்மா,” என்றார். “இப்ப சொல்லு, கேக்கறேன்.”